தாடைக்கும் ஒரு நிலை உண்டு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே தினமும் பஸ் ஏறுகிற, பல்லுக்குக் கிளிப் போட்ட பிள்ளைகளுக்கு,

நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். பல் மருத்துவம் படித்தவள் இல்லை. என் மகளுக்குக் கிளிப் போட்டு எடுத்த காலம் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து மருத்துவரிடம் கேள்வி கேட்டிருக்கிறேன், தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அதோடு, உங்கள் முகங்களைத் தினமும் எதிரில் நின்று பார்க்கிற வேலை என்னுடையது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். சாப்பிடாத, பேசாத, விழுங்காத நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கிளிப் போட்டிருக்கும் காலத்தில் இது இன்னும் முக்கியம். முறுக்கு கடிக்காதே, மாங்காயைத் துண்டு போட்டுச் சாப்பிடு, ராத்திரியும் பல் தேய் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். வாய் சும்மா இருக்கும்போது தாடையை எங்கே வைப்பது என்று கேட்டால் உங்களில் பாதிப் பேர் முழிக்கிறீர்கள். சிலர் ‘சேர்த்துத்தானே டீச்சர் வைக்கணும்?’ என்று திருப்பிக் கேட்கிறீர்கள். இல்லை பிள்ளைகளே. சேர்த்து வைக்கக் கூடாது.

விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகள் நீங்கள். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல வருஷம் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம். 2017-லும் 2018-லும் நாம்தான் முதல். அந்தப் பெயரின் பாரம் காலையில் ஸ்பெஷல் கிளாஸாகவும் மாலையில் டியூஷனாகவும் உங்கள் தலையில் இறங்குகிறது. அது எங்கே போய்த் தங்குகிறது என்பதை நான் தேர்வு அறையில் பார்க்கிறேன். கணக்குத் தேர்வு. மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளை. காதுக்குக் கீழே, தாடை வளைகிற மூலையில், ஒரு சதை நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்து நிற்கிறது. கேள்வியைப் படிக்கும்போது புடைத்தது, விடை பிடிபட்டு எழுதத் தொடங்கிய பிறகும் அமுங்கவில்லை. கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்குகிறாள். அப்போதும் தாடை அப்படியே. கடைசி மணி அடித்ததும் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிசைகிறாள். கேட்டதற்கு, ‘கம்பி டைட் வெச்சாங்க டீச்சர், அதான் வலி’ என்றாள். எப்போது வைத்தார்கள் என்று கேட்டேன். மூன்று வாரம் ஆகியிருந்தது.

கம்பி டைட் வைத்த வலி பெரும்பாலும் அடுத்த நாள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். அது பல்லில் வலிக்கும், கடித்தால் கூசும். மூன்று வாரம் கழித்துக் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் வலித்தால் அது கம்பியின் வலியாக இருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் அது தசையின் வலி. காதில் ஒன்றும் இல்லாமலே காது வலிப்பதுபோல் இருப்பது, காலையில் எழுந்ததும் தாடை விறைத்திருப்பது, நாக்கின் ஓரத்தில் பல்லின் தடம் அலை அலையாகப் பதிந்திருப்பது, கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு ஓடுவது: இவற்றில் எது இருந்தாலும் நீங்கள் பல்லை இறுக்குகிறீர்களா என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

கவனிக்க எளிய வழி உண்டு. இரண்டு கன்னத்திலும், தாடை வளைவுக்குச் சற்று மேலே, விரல்களை வையுங்கள். மெதுவாகப் பல்லைக் கடியுங்கள். விரலுக்கு அடியில் ஒன்று எழும்புகிறதல்லவா, அதுதான் மெல்லுகிற தசை. அடுத்து விரலை நெற்றிப்பொட்டில் வைத்துக் கடியுங்கள். அங்கேயும் துடிக்கும். தலைவலித் தைலத்தை நீங்கள் வழக்கமாகத் தேய்க்கிற இடம் அதுதான்.

மனிதருக்கு ஒரு நாளில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ளும் நேரம் மொத்தம் எவ்வளவு தெரியுமா? மூன்று வேளைச் சாப்பாட்டையும் எச்சில் விழுங்குவதையும் சேர்த்து, 20 நிமிடத்துக்கும் குறைவு என்பது பல் மருத்துவத்தில் பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. மூன்று மணி நேரத் தேர்வு முழுக்கப் பல்லைச் சேர்த்து வைத்திருந்தால், ஒன்பது நாள் செலவழிக்க வேண்டியதை ஒரு காலையிலேயே செலவழித்துவிடுகிறீர்கள்.

எடைக் கணக்கு இதைவிடத் திகைப்பானது. ஒரு பல்லை எலும்புக்குள் நகர்த்தக் கம்பி தருகிற விசை எத்தகைய நகர்த்தல் என்பதைப் பொறுத்துச் சுமார் 10 கிராமிலிருந்து 120 கிராம் வரை. அவ்வளவு மெல்லிய விசை, விடாமல், மாதக்கணக்கில். உங்கள் வயதில் கடைவாயில் முழு பலத்தோடு கடித்தாலோ 50 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். பழக்கத்தில் யாரும் முழு பலத்தோடு இறுக்குவதில்லை, நிஜம்தான். ஆனாலும் கிராமில் நடக்கிற வேலைக்கு நடுவே கிலோ கணக்கில் பாரம் ஏற்றுகிறோம். ஏற்கெனவே நகர்ந்து நொந்து போன பல்லின் மேல் ஏற்றுகிறோம். அப்படி இறுக்கினால் சிகிச்சையே பாழாகிவிடும் என்று உங்களைப் பயமுறுத்த மாட்டேன். வலி கூடும், தசை களைக்கும், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய பிராக்கெட் பெயரும். பல் நிறத்தில் செராமிக் பிராக்கெட் கீழ்ப்பல்லில் போட்டிருந்தால், அதில் உரசுகிற மேல்பல்லின் எனாமல் தேயும். ஒரு பிராக்கெட் பெயர்ந்தால் பள்ளிக்கு அரை நாள் லீவு. மில்லில் ஷிப்டு முடித்து வந்த அப்பா தூங்காமல் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

கிளிப் போட்டவர்களில் சிலர் ஏன் இந்தப் பழக்கத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள்? நம் பல் மிக நுட்பமாக உணரும் உறுப்பு. தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தகட்டை இரண்டு பல்லுக்கு நடுவே வைத்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வாயில் பல் நகர்கிறது. போன மாதம் பொருந்திய இடம் இந்த மாதம் பொருந்துவதில்லை. இடது பக்கம் முதலில் இடிக்கிறது, முன்பல் முட்டுகிறது, கடைவாய் சேராமல் தொங்குகிறது. உடனே தாடை தேட ஆரம்பித்துவிடுகிறது: இங்கே பொருந்துமா, கொஞ்சம் முன்னால் தள்ளினால் பொருந்துமா, வலது பக்கம் சாய்த்தால்? தட்டித் தட்டிப் பார்க்கிறீர்கள். ஒரு இடம் கிடைத்ததும் அங்கேயே கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறீர்கள்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல ஆரோக்கியமான இளம்பெண்களின் கடைவாய்ப் பல்லில் மெல்லிய தங்கத் தகட்டை ஒட்டி, வேண்டுமென்றே கடியில் ஒரு இடைஞ்சலை உண்டாக்கினார்கள். தாடைத் தசையின் வேலை கூடவில்லை, குறைந்தது. இடைஞ்சலைத் தொடாமல் தாடை ஒதுங்கிக்கொண்டது. இது 2005-ல் வந்த ஆய்வு. 2012-ல் அதே குழு, பகலில் பல்லைக் கடிக்கும் பழக்கம் அதிகம் உள்ளவர்களையும் குறைவாக உள்ளவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பழக்கம் அதிகம் உள்ளவர்களுக்குத்தான் அந்தத் தகடு பெரும் தொல்லையாக இருந்தது. எனக்கு இதில் ஆறுதலும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. பெரும்பாலான உடம்புகள் தாமாகவே ஒதுங்கத் தெரிந்தவை. ஏற்கெனவே இறுக்குகிற பழக்கம் உள்ள பிள்ளை மட்டும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எனவே பொருந்தும் இடத்தைத் தேடாதீர்கள். அது இன்னும் வரவில்லை. ஒன்றரை, இரண்டு வருஷம் கழித்து மருத்துவர் கொண்டுவந்து வைப்பார். அதுவரை தாடை தங்க வேண்டிய இடம் பல்லில் இல்லை, தசையில் இருக்கிறது. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ரத வீதி சுற்றி நிலைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். நிலை சேர்ந்த பிறகு வடத்தை யாரும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. தரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். தாடைக்கும் அப்படி ஒரு நிலை உண்டு. உதடு சேர்ந்திருக்கும். பல் பிரிந்திருக்கும், இடைவெளி இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் இருந்தால் போதும். நாக்கு மேலண்ணத்தில் லேசாகப் படிந்திருக்கும். மூச்சு மூக்கு வழியாகப் போகும்.

அந்த நிலைக்கு வர நம் எழுத்துகளே உதவும். ‘அம்மா’ என்று சொல்லத் தொடங்கி, ‘ம்’மில் நின்றுவிடுங்கள். உதடு மூடியிருக்கிறது, உள்ளே பல் தொடவில்லை. பல் மருத்துவர்களும் தாடையின் ஓய்வு நிலையைப் பார்க்க மகர ஒலியைச் சொல்லச் சொல்வது வழக்கம். இனி நாக்கு. வண்டு, கன்று, பந்து என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். ‘ண்’ணுக்கு நாக்கு நுனி மடங்கி மேலே போகிறது. ‘ந்’துக்கு முன்பல்லின் பின்புறத்தில் முட்டுகிறது. ‘ன்’னுக்கு மட்டும் பல்லை விட்டுச் சற்று உள்ளே, ஈறு மேடாக இருக்கும் இடத்தில் தொடுகிறது. நாக்கு நுனி ஓய்வாக இருக்க வேண்டிய இடம் அந்த றன்னகரத்தின் இடம். ‘ந்’ இடத்தில் வைத்தால் முன்பல்லைத் தள்ளிக்கொண்டே இருப்போம். உள்ளே இழுக்கக் கிளிப் போட்டுவிட்டு நாக்கால் வெளியே தள்ளுவது எதற்கு? எழுத்துகள் வாயில் எங்கெங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்துச் சொல்லியிருப்பதை நான் வகுப்பில் நடத்தும்போது உங்களுக்குக் கொட்டாவி வரும். இந்த வருஷம் உங்கள் வாயிலேயே அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலண்ணத்தில் விரிவாக்கும் கருவி பொருத்தியிருப்பவர்களுக்கு நாக்கு அங்கே உட்காராது. அவர்கள் பல்லை மட்டும் பிரித்து வைத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பல்லைப் பிரித்து வைக்கச் சொன்னேன் என்று தாடையை விறைப்பாகத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பல் தொடாவிட்டாலும் தாடையை விறைத்துப் பிடித்திருப்பதும் பல்லை இறுக்கும் இதே பழக்கத்தில்தான் சேரும் என்று பன்னாட்டு நிபுணர்கள் 2013-லும் 2018-லும் வெளியிட்ட வரையறை சொல்கிறது. செய்ய வேண்டியது விட்டுவிடுவது மட்டுமே. மூச்சை வெளியே விடும்போது தாடையையும் கூடவே விடுங்கள்.

பெண் பிள்ளைகளிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கிளிப்பை மறைக்கிறீர்கள். சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போகிறது. கை ஓய்ந்த நேரத்தில் உதட்டை இழுத்துப் பூட்டிக்கொள்கிறீர்கள். பல் தூக்கலாக இருந்து கிளிப் போட்டவர்களுக்கு, பிராக்கெட்டும் சேர்ந்துகொண்டதும் உதடு எளிதில் மூடாது. முகவாயைச் சுருக்கித்தான் மூட வேண்டியிருக்கும். கண்ணாடியில் பாருங்கள், முகவாய்த் தோல் குழி குழியாகும். அவ்வளவு இழுத்து மூடும்போது உள்ளே பல்லும் சேர்ந்து பூட்டிக்கொள்கிறது. மறைக்கிற கூச்சம்தான் பல பேருக்கு இறுக்கமாக மாறுகிறது என்று நான் நம்புகிறேன். உதடு தானாக மூடாவிட்டால் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். பல் உள்ளே போகப் போக அது தானாகச் சேரும். உங்கள் வாயில் இருப்பது வெட்கப்பட வேண்டிய பொருள் அல்ல. பக்கத்தில் யாராவது ‘கம்பி வாய்’ என்று கேலி செய்தால், என் வகுப்பில் அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பகலில் இறுக்குவதை நாமே நிறுத்த முடியும், ஞாபகம் வந்தால். ஞாபகம் வருவதுதான் கஷ்டம். அதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். நீங்கள் பஸ்ஸில் போகிறவர்கள். கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் விசில் ஊதுகிறார். விசில் கேட்டதும் பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் ‘ம்’ சொல்லிப் பிரியுங்கள். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் வருவதற்குள் எத்தனை முறை பிடிபடுகிறீர்கள் என்று பாருங்கள். பள்ளியில் பீரியட் மணி, வீட்டில் போனைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு முறையும். குனிந்து போன் பார்க்கும்போதும், கனமான பையைத் தோளில் ஏற்றும்போதும், ஸ்கூட்டியில் லாரியை முந்தும்போதும் கூடுதலாகக் கவனியுங்கள். பல் பூட்டிக்கொள்கிற நேரங்கள் அவை.

கடைவாயில் நீல நிறத்தில் சிமெண்ட் வைத்து உயரம் கூட்டியிருக்கிறார்களா? மேல்பல் கீழ் பிராக்கெட்டில் இடிக்காமல் இருக்க வைப்பது. முதல் சில நாள் அந்த மேட்டைத் தேடித் தேடிக் கடிக்கத் தோன்றும். கடிக்க வேண்டாம். சாப்பிடும்போது மட்டும் அது பல்லைச் சந்திக்கட்டும். ரப்பர் பேண்ட் போடுகிறவர்கள், சொன்ன மணிநேரம் தவறாமல் போடுங்கள். ரப்பர் இழுக்கிறது என்பதற்காக நீங்களும் சேர்ந்து கடிக்க வேண்டியதில்லை. அது தன் வேலையைத் தானே செய்யும்.

இனிக் கொஞ்சம் அம்மாக்களிடம் பேச வேண்டும். இந்த மடலை வீட்டில் காட்டுங்கள். தூங்கும்போது பிள்ளை பல்லை நறநறவென்று கடித்தால் வயிற்றில் பூச்சி என்று நம் பக்கம் காலங்காலமாகச் சொல்கிறோம். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தருகிற அல்பெண்டசோல் மாத்திரை உடம்புக்கு நல்லது, கட்டாயம் போடட்டும். அதைப் போட்டால் பல் கடிப்பது நிற்கும் என்று காத்திருக்க வேண்டாம். தூக்கத்தில் கடிப்பது தூக்கத்தின் ஆழம் மாறுவதோடு சம்பந்தப்பட்டது, பிள்ளையின் கட்டுப்பாட்டில் இல்லை. அதனால் திட்டிப் பயனில்லை. குறட்டை விடுகிறதா, வாய் திறந்து மூச்சு விடுகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். பல் நகர்ந்துகொண்டிருக்கும்போது ராத்திரிக்குப் பல்லில் போடும் உறையை எல்லாருக்கும் பொருத்த முடியாது. கடையில் விற்பதை வாங்கிக் கொதிநீரில் போட்டு மாட்டிவிடாதீர்கள். கன்னம் வலிக்கிற ராத்திரிகளில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சத்திரப்பட்டியில் நெய்த கட்டுத்துணிக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை. அதை நாலாக மடித்து, பொறுக்கிற சூட்டில் பிழிந்து, பத்து நிமிடம் கன்னத்தில் வைத்தால் தசை இளகும்.

கிளிப் போட்டதால்தான் தாடை மூட்டு கெட்டது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வரும். 1987-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் இதே குற்றச்சாட்டில் ஒரு பல் சீரமைப்பு மருத்துவருக்கு எதிராக நீதிமன்றம் பெருந்தொகை இழப்பீடு விதித்தது. அதன் பிறகுதான் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தார்கள். தாடை மூட்டுக் கோளாறைக் கிளிப் உண்டாக்குவதும் இல்லை, தீர்ப்பதும் இல்லை என்பதே அந்த ஆய்வுகள் பெரும்பாலும் வந்து சேர்ந்த இடம். எனவே பாதியில் கழற்றச் சொல்லி யார் பயமுறுத்தினாலும் கேட்காதீர்கள். ஆனால் பிள்ளை தன் விரல் மூன்றை நெட்டாக அடுக்கி வாய்க்குள் விட முடியாத அளவுக்கு வாய் திறப்பு குறைந்தால், திறந்த வாய் பூட்டிக்கொண்டால், தாடை வலியோடு சொடக்கினால், தினமும் தலைவலியோடு எழுந்தால், அடுத்த மாதத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். போன் போட்டுச் சொல்லிவிட்டு உடனே போங்கள்.

பிள்ளைகளே, அடுத்த முறை கம்பி மாற்றப் போகும்போது மருத்துவர் ‘கடி’ என்பார். நல்ல பெயர் வாங்கக் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பொருத்திக் காட்டாதீர்கள். உங்களில் நிறையப் பேர் அதைச் செய்கிறீர்கள், அவருக்குத் தப்புக் கணக்குப் போய்ச் சேர்கிறது. தாடையைத் தளர விட்டு, நாக்கு நுனியை அண்ணத்தில் பின்னால் சுருட்டி, மெதுவாக மூடுங்கள். மூடும்போது எந்தப் பல் முதலில் தட்டுகிறதோ அதைச் சொல்லுங்கள். பகலில் இறுக்குகிறேன் என்பதையும், எந்த நேரத்தில் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாலு பேர் காத்திருக்கும் கூட்டத்தில் நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியில்லை.

மார்ச்சில் தேர்வு. விடைத்தாளில் பக்கம் திருப்பும்போதெல்லாம் ஒருமுறை ‘ம்’. கண்காணிப்புக்கு வரும் ஆசிரியருக்குக் கேட்காத அளவுக்கு.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை